அத்தை இடித்த சுவர்

எங்கள் அப்பாவுக்குச் சுவர் என்றால் உயிர். ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டி எங்கள் வீடு. பின்பக்கம் ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியின் நெட்டை மதில். ஒரு தடவை கொல்லையில் இருந்த செம்புக் குடத்தை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா பின்சுவரை ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பி, தலையில் கண்ணாடிச் சில்லும் பதித்துவிட்டார். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் அதையே செய்தார்கள். குடங்கள் பத்திரமாக இருந்தன. சந்தில் என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது.

அந்தச் சந்து வழியாகத்தான் அக்கா வேலைக்குப் போய்வந்தாள். வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகப்போகிற நேரம். ஒரு நாள் பொழுது சாய்ந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளின் துப்பட்டாவை, பைக்கில் வந்த ஒருவன் பிடித்து இழுத்திருக்கிறான். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

தீர்ப்புச் சொல்ல அப்பாவுக்கு நேரமே பிடிக்கவில்லை. "நாளைலேருந்து வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்லயே இரு."

அக்கா ஓவென்று அழுதாள். நான்காம் வகுப்பு படித்த எனக்கோ பொறாமை. லெட்டர் எழுதாமலே லீவு கிடைக்கிறது, இதற்குப் போய் அழுவார்களா!

எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவின் தங்கை. மறுநாள் அப்பா வேலைக்குக் கிளம்பியதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, கடப்பாரையால் பின்சுவரை இடிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

"இந்தச் சுவரு நம்ம குடத்தைத்தான் காக்குது அண்ணி. புள்ள வர்றத யாரு பார்க்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அத்தை இன்னொரு கல்லைப் பெயர்த்தாள்.

மத்தியானத்துக்குள் சுவர் என் கழுத்தளவு ஆகிவிட்டது. அடுக்களையில் நின்றால் சந்து முழுக்கத் தெரிந்தது. அப்பா வந்தால் வீடு ரெண்டுபடும் என்று ஆசையோடு காத்திருந்தேன். வந்தார். சுவரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"அவ வேலைக்குப் போவட்டும்ணா. நான் இங்க இருக்கறேன்" என்றாள் அத்தை.

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, கீழே கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் எல்லாம் அந்தக் குட்டைச் சுவர் ஓரம்தான். பக்கத்திலேயே ஒரு பல்பு. சந்தில் போகிற ஒருவரையும் அத்தை சும்மா விடமாட்டாள். "சாப்ட்டாச்சா?" என்பாள். விழித்தால் "ஊட்டா ஆய்த்தா?" அதற்கும் விழித்தால் "தின்னாரா?" ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றுக்கும் தப்புகிறவர்கள் குறைவு. முதலில் மிரண்டவர்கள் போகப்போக அவர்களாகவே நின்று அவளை விசாரித்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவும் தன் சுவரைக் குறைத்துக்கொண்டார். மானம் போனது எனக்குத்தான். ஊர் பேர் தெரியாதவர்களிடம் எல்லாம் என்ன சாப்பாட்டு விசாரணை!

ஒரு நாள், அக்கா வருகிற நேரம் பார்த்து ஒரு பைக் சந்துக்குள் மெல்ல வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான். சந்து முனையில் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அத்தைக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

"யாரு கண்ணு? ஹெல்மெட்டைக் கழட்டு, மூஞ்சி தெரியல. சாப்ட்டியா? எந்த ஊரு? உங்கம்மா நல்லா இருக்குதா?"

அம்மாவை விசாரித்ததும் அவனுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்றது. கன்னடக்காரம்மா எட்டிப் பார்த்து யார் அது என்றார். "நம்ம புள்ள மாதிரிதான். சாப்ட்டானான்னு கேட்டுக்கினு இருக்கறேன்" என்றாள் அத்தை. அதற்கடுத்த வீட்டு மாடி ஜன்னலும் திறந்தது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினான். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, குரல்கூட உயரவில்லை. என்ன பொம்பளை அவள்! இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மார்பு விம்முகிறது.

அக்கா பெர்மனென்ட் ஆனாள். கொஞ்ச நாளில் அத்தை ஜுரத்தில் படுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் சுவர் ஓரம் யார் போய் உட்கார்ந்தது தெரியுமா? அப்பா. யாரிடமும் ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் "சாப்ட்டாச்சா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வெட்கத்தில் வானத்தைப் பார்த்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் சிரிப்பாள் என்று உள்ளே ஓடினால், அவள் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அக்காவின் வயதில் அத்தையும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள் என்பதை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அக்கா சொன்னாள். வழியில் ஒருவன் கையைப் பிடித்துவிட்டான் என்று அவளை நிறுத்தி, இனி வீட்டிலேயே இரு என்று சொன்னது அவளுடைய அண்ணன்தான். எங்கள் அப்பா.

இதொன்றும் தெரியாத நான், அன்று அடுக்களைக்குப் போய், ஜுரம் வந்தால் அழுகையும் வருமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வரும். நீ போய்ப் படி" என்றாள் அம்மா.