பொம்மைக்கும் ஜீப்புக்கும் ஒரே பூட்டு

மூணாறில் ஒரு ரிசார்ட் கைமாறியது. புது முதலாளிக்குக் குழந்தைகள் விளையாடும் அறை தேவைப்படவில்லை. அங்கிருந்த சாமான்கள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு, எஸ்டேட் லாரியில் வெறும் சாக்குகளோடு சாக்காக மேல் டிவிஷன் குழந்தைக் காப்பகமான கிரச்சுக்கு வந்து சேர்ந்தன. ஒரு பெட்டியின் மேல் ஆண் என்றும் இன்னொன்றின் மேல் பெண் என்றும் யாரோ மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். ஆண் பெட்டியில் ஜீப், லாரி, மஞ்சள் ஜேசிபி, பந்து. பெண் பெட்டியில் பொம்மைகள், குட்டி அடுப்பு, சட்டி, சீப்பு, கண்ணாடி.

தாய்மார்கள் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனபின் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அழகுத்தாய். இரண்டு பெட்டிகளையும் தூக்கி வந்து நடுக்கூடத்துப் பாயில் ஒன்றாகக் கவிழ்த்தாள். காலிப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கி, சாரல் அடிக்கும் ஜன்னலுக்கு அடைப்பாக வைத்தாள்.

எட்டிப் பார்த்த சூப்பர்வைசர், "பிரிச்சு வைக்கலியா?" என்று கேட்டார்.

"பிரிச்சு வைக்க இதென்ன கொழுந்தா?" என்றாள் அவள்.

வாய்க்குத்தான் அவள் பேர்போனவள். கூலி உயர்வு கேட்டுப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த வருஷம் முதல் வரிசையில் இருந்தவள்; போலீஸ்காரர் எழுந்திருக்கச் சொன்னபோது, முட்டி வலிக்கிறது, நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள் என்று சொன்னவள். இடுப்பு வலி வந்து கொழுந்துச் சாக்கு தூக்க முடியாமல் போனபின்தான் கிரச் வேலைக்கு மாறினாள்.

அந்த இடுப்பின் வலி கொழுந்துச் சாக்கில் தொடங்கியதல்ல. அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கியது. ஆறு வயதில் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். மூன்று பெண்களுக்குப் பிறகு வந்த ஆண்பிள்ளை. போனஸ் வாங்கிய கையோடு அப்பா கடைத்தெருவுக்குப் போய் அவனுக்கு ஒரு தகர பஸ் வாங்கி வந்தார். தம்பிக்கு அப்போது குப்புற விழக்கூடத் தெரியாது. பஸ் அலமாரியில் சும்மா நின்றது. ஒரு மத்தியானம் அழகுத்தாய் அதை எடுத்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் போனாள். தேயிலைக் காய்களைப் பயணிகளாக ஏற்றினாள். வாய்க்கால் ஓரமாகத் தேவிகுளம், பூப்பாறை, போடி என்று ஊர் ஊராகக் கூவி இறக்கிவிட்டாள். போடி வந்து சேருவதற்குள் அப்பா வந்துவிட்டார். அடிக்கவில்லை. பஸ்ஸை வாங்கி வைத்துவிட்டு, தொட்டிலில் கிடந்த தம்பியைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார். "ஒனக்கு இதுதாம்மா" என்றார், கனிவாகவே.

அதற்குப் பிறகு அந்த இடுப்பு காலியாக இருந்ததே இல்லை. தம்பி, சித்தி பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று அது நிறைந்தே இருந்தது. தம்பி பெரியவனாகி பஸ்ஸை நாலாக நெளித்துத் தூக்கிப்போட்ட நாளில்தான் அவளால் அதைத் தொட முடிந்தது.

பிறகு அவளைச் சின்னமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஃபேக்டரியில் கொழுந்து காயவைக்கும் பகுதியில் வேலை. குடிக்காதவர், கை நீட்டாதவர். மகள் பிறந்த பத்தாம் நாள் அழகுத்தாய்க்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. கண் திறக்க முடியவில்லை. பக்கத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. சின்னமுத்து வாசல்படியில் நின்று அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு எப்படித் தூக்கன்னு தெரியல அழகு" என்றார். மழையில் ஓடிப்போய்ப் பக்கத்து லயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். அதுவரை பிள்ளை அழுதபடியே கிடந்தது.

அந்தக் கோபம் அவளுக்குப் பல வருஷம் ஆறவில்லை. கிரச்சுக்கு வந்து, பையன்கள் தீப்பெட்டியை லாரியென்று உருட்டுவதையும் பெண்பிள்ளைகள் தலையணையை மடியில் போட்டுத் தட்டுவதையும் தினமும் பார்த்தபின்தான் அது இடம் மாறியது. கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய எதையும் அந்த மனுஷனின் கையில் யாரும் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. அவருக்குத் தெரியாமல் போனது அதிசயமல்ல.

சாமான்கள் வந்து கொஞ்ச நாளில் பாயில் ஒரு ஒழுங்கு உண்டானது. நிமி என்ற மூன்று வயதுக்காரி ஜேசிபியை யாருக்கும் விடுவதில்லை. லோகேஷ் என்ற நான்கு வயதுப் பையன் பெரிய பொம்மையைப் பிடித்துக்கொண்டான். அவன் வீட்டில் தங்கை பிறந்திருந்தாள். அம்மா இந்து பிரசவ லீவில் இருந்தாள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவதை அவன் தினமும் பார்த்துவிட்டு வருவான். வந்ததும் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்துவிடுவான். பொம்மையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தடவி, மூக்கை நீவி, வெறுங்கையால் தண்ணீர் ஊற்றுவான். கண்ணில் தண்ணீர் போகாமல் நெற்றியில் கையை அணைத்துக்கொள்வான். அந்த அணைப்பைப் பார்த்து அழகுத்தாய் கொஞ்ச நேரம் வேலையை மறந்து நின்றிருக்கிறாள்.

ஒரு நாள் காலையிலிருந்தே அடைமழை. லோகேஷின் அப்பா மாரீஸ்வரன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுபவன். சவாரி இல்லாததால் மகனைக் கூட்டிப்போக நேரத்தோடு வந்துவிட்டான். வாசலில் நின்றவன் கண்ணில் முதலில் பட்டது காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகன்தான்.

"என்னலே பண்ணுத?"

"பாப்பா குளிக்கி" என்றான் பையன், நிமிராமல்.

மாரீஸ்வரன் செருப்போடு உள்ளே வந்தான். பொம்மையைக் காலைப் பிடித்துத் தூக்கி, வாசலுக்குப் போய், வீசினான். அது சரிவில் பறந்து தேயிலைக்குள் விழுந்தது. லோகேஷ் அழவில்லை. நீட்டிய காலை மடக்கவும் இல்லை. காலின் மேல் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ மாரீசு" என்றாள் அழகுத்தாய். மாரீஸ்வரன் சின்னமுத்துவுக்கு மருமகன் முறை. "வீசுன கை போயி எடுத்துட்டு வரட்டும்."

"என்ன அத்தை, வெளையாடுறீகளா? ஆம்பளப் பிள்ளைய இப்பிடியா வளக்கிறது? நாளைக்கு ஸ்டாண்டுல என்னைய நாலு பேரு கேக்கமாட்டான்?"

"நீ போயி எடுத்துட்டு வா. நான் எடுக்கமாட்டேன்."

அவன் மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அழகுத்தாயும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பொம்மை அங்கேயே நனைந்தது. மறுநாள் அந்தத் தேயிலைக் காட்டில் கொழுந்தெடுத்த பெண்கள் செடிக்கு மேலே ஒரு தலை தெரிவதைக் கண்டு பயந்து, பிறகு சிரித்து, பிறகு விஷயம் கேட்டறிந்தார்கள். செல்வலட்சுமி என்பவள் அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கிரச் வாசலில் வைத்தாள். "யாரு வீசுனதுன்னு காடு பூரா தெரிஞ்சுபோச்சு அத்தாச்சி" என்றாள்.

யாருக்குத் தெரியக்கூடாது என்று மாரீஸ்வரன் நினைத்தானோ அவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அவன் நாலைந்து அப்பன்மாரைச் சேர்த்துக்கொண்டு ஆபீசில் புகார் கொடுத்தான்; மலையில் அதற்குப் பராதி என்று பேர். நலப்பிரிவு அலுவலர் டின்சி ஸ்கூட்டரில் ஏறி வந்தாள். நல்ல பெண். சண்டை மட்டும் ஆகாது.

"அழகு சேச்சி, எனக்குப் பிரச்சனை ஒண்ணும் வேண்டாம். பொம்மை எல்லாம் எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டு. தீர்ந்தில்லே?"

"பூட்டுறேன் மேடம்" என்றாள் அழகுத்தாய்.

டின்சியின் கண் முன்னாலேயே பொம்மைகளை உள்ளே வைத்தாள். அடுப்பு, சட்டியை வைத்தாள். பிறகு ஜீப்பை வைத்தாள், லாரியை வைத்தாள், நிமியின் கையிலிருந்து ஜேசிபியையும் வாங்கினாள். நிமி லயம் வரை கேட்கும்படி அலறினாள்.

"வண்டி எதுக்கு சேச்சி?"

"எல்லாம் வெளையாட்டுச் சாமான்தான மேடம்? ஒண்ணுக்குப் பூட்டுன்னா எல்லாத்துக்கும் பூட்டு. பராதி குடுத்தவுக வந்து பேசட்டும், தெறக்கேன்."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த நாட்கள் கிரச்சுக்குப் பொல்லாத நாட்கள். விளையாட ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் ஒருவரையொருவர் கடித்தார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள். பால் கொடுக்க வந்த தாய்மார்கள் அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். அழகுத்தாய்க்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் உள்ள தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். டின்சியும் வந்திருந்தாள்.

மாரீஸ்வரன் எழுந்து நின்றான். "எம் மகன் பொம்பள மாதிரி ஆயிட்டா யாரு பொறுப்பு?"

அழகுத்தாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "பொம்பள மாதிரின்னா எப்படி மாரீசு? அட்டக்கடியில நின்னு, மழையில நனஞ்சு, இந்த மலை பூராவும் கொழுந்தெடுத்து ஒன்னைய வளத்தாளே ஒங்க ஆத்தா, அவள மாதிரியா? அப்படி ஆனா ஒனக்கு என்ன கேவலம்?"

"பேச்ச மாத்தாதீக அத்தை."

"மாத்தல. ஒம் மகன் என்ன செஞ்சான்? ஒரு பச்சப்பிள்ளைய எப்படிக் குளிப்பாட்டன்னு பழகுனான். அது தப்புன்னா, நீ பெத்த பிள்ளைய நாளைக்கு யாரு குளிப்பாட்டுவா?"

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இந்து பேசினாள். கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்கு லீவு முடியப்போகுது. காலைல நான் மஸ்டருக்குப் பேர் குடுக்கப் போனபெறகு இவள குளிப்பாட்ட வீட்டுல ஆளு இல்ல. இவுகளுக்குத் தெரியாது. எம் மகனுக்குத் தெரியும். அவனுக்கு நாலு வயசு."

பெண்கள் யாரோ சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை. மாரீஸ்வரன் மனைவியைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அழகுத்தாய் அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு விட மனமில்லை. தன் காய்ச்சலையும், அழுத மகளையும், வாசல்படியில் நின்ற கணவனையும் எல்லார் முன்னாலும் சொன்னாள். "அவரக் குத்தம் சொல்லல. அவருக்கு யாரும் பழக்கல. அந்த மாதிரி இன்னொருத்தர நான் என் கையால வளத்து அனுப்பமாட்டேன். இந்த வேலையில நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

பின் வரிசையில் இருந்த சின்னமுத்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

டின்சி தன் முடிவைச் சொன்னாள். சாமான்கள் திறந்தே இருக்கட்டும், ஆனால் இன்னொரு பராதி வந்தால் சேச்சியைத் திரும்பவும் காட்டு வேலைக்கு மாற்ற வேண்டிவரும் என்றாள்.

"மாத்துங்க மேடம்" என்றாள் அழகுத்தாய். "கொழுந்தெடுக்க எனக்குத் தெரியும். இடுப்புதான் வலிக்கும்."

அன்று சின்னமுத்து இருட்டியபின் வீட்டுக்கு வந்தார். தட்டை எடுத்து அவரே சோறு போட்டுக்கொண்டார். பாதியில் நிறுத்தி, "அத அங்க வச்சுச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார்.

"பின்ன எங்க வச்சுச் சொல்ல? வீட்டுக்குள்ள இத்தன வருஷம் சொல்லத்தான் செஞ்சேன்."

அவர் எழுந்து கை கழுவினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், அரிசி தீர்ந்துவிட்டதென்று. அவள் செய்தது சரியென்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அலமாரி திறந்தது. பராதி கொடுத்தவர்களில் இரண்டு பேர் தங்கள் பையன்களைக் கிரச்சிலிருந்து நிறுத்திக் கீழே உள்ள அங்கன்வாடிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் வழியில் அவளைப் பார்த்தால் கையாட்டுவார்கள். அவளும் கையாட்டுவாள். மாரீஸ்வரன் மகனை நிறுத்தவில்லை. இந்து நிறுத்த விடவில்லை என்று பேச்சு. அவன் ஜீப்பை மேட்டிலேயே நிறுத்தி, பையனை இறக்கிவிட்டு, வாசல் பக்கம் வராமல் போய்விடுவான்.

லோகேஷுக்கு மழைக்காலம் முடியும் முன்பே குளிப்பாட்டும் விளையாட்டு அலுத்துப்போனது. இப்போது அவனுக்கு யானைப் பைத்தியம். நாள் முழுக்கத் துதிக்கையாக ஒரு கையை ஆட்டிக்கொண்டு பிளிறுகிறான். நிமி ஜேசிபியோடு முற்றத்துக்கு இறங்கி, அழகுத்தாய் ஆசையாக விதைத்திருந்த மல்லித் தழைப் பாத்தியை ஒரே மத்தியானத்தில் தோண்டி எடுத்தாள். கூட்டிப்போக வந்த அவளுடைய அப்பா, மகளின் கைகால் முழுக்க மண்ணைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன ஆயா இது, பொட்டப்பிள்ள இப்பிடியா மண்ண நோண்டும்?"

அழகுத்தாய் பாத்தியைப் பார்த்தாள். நாசமாகித்தான் கிடந்தது. ஆனால் பள்ளம் நேராக, ஒரே ஆழத்தில் இருந்தது.

"நோண்டும்" என்றாள். "நாளைக்கு மாத்துத்துணி ஒண்ணு கூடக் குடுத்து விடுங்க."