பாணை விட்ட பிறகு

எங்கள் ஊர் கொக்கிளாய். கணவர் கடலோடு சேர்ந்த களப்பில் இறால் பிடிக்கிறவர். கலியாணமான நாளிலிருந்து எங்களுக்குக் காலையில் கோதுமைப் பாணும் தேங்காய்ச் சம்பலும், இரவில் கோதுமை மா ரொட்டியும்தான். பாண்காரரின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் நான்தான் முதலில் வாசற் படலையடியில் நிற்பேன்.

அந்த வருடங்களில் மூன்று பிள்ளைகளை இழந்தேன். முதல் இரண்டும் சில மாதங்களிலேயே கலைந்துவிட்டன. மூன்றாவது எட்டாம் மாதத்தில் அசைவில்லாமல் பிறந்தாள். முகம் அப்படியே அவரைப் போல. கடற்கரைச் சேமக்காலையில் அவளை அடக்கம் செய்தோம்.

எனக்கு எப்போதும் இரத்தம் குறைவு. எத்தனை குளிசை போட்டும் ஏறவில்லை. வயிறு ஊதி வலிக்கும், வயிற்றால் போகும். இறாலைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கை சோர்ந்து விழும். "கவலைதான் உம்மைத் தின்னுது" என்றார்கள் அயலில். நானும் அப்படித்தான் நம்பினேன். கவலை இருந்ததுதானே.

பல வருடங்கள் கழித்து ஒரு மாரியில் வெள்ளம் பாதையை அறுத்துக்கொண்டு போனது. பாண் வரவில்லை, கடையில் மாவும் முடிந்தது. வீட்டிலிருந்த அரிசியில் கஞ்சியும் சோறுமாகக் காலத்தை ஓட்டினோம். போகப்போக என் வயிறு ஒரு தொந்தரவும் தராமல் கிடந்தது. பாதை திறந்து, சூடான பாணைப் பிய்த்துச் சாப்பிட்ட அன்று பின்னேரமே பழைய வலி வந்துவிட்டது.

அன்றே பாணை நிறுத்தினேன். இரத்தக் குறைவுக்குக் குளிசை வாங்கப் போகும் கிளினிக்கில், புதிதாக வந்திருந்த பெண் டாக்குத்தரிடம் இதைச் சொன்னேன். அவா பேனையை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டா.

"அம்மா, கோதுமையில இருக்கிற ஒரு புரதம் சில ஆக்களுக்கு ஒத்துவராது. குடலைப் பழுதாக்கிப்போடும். சாப்பாட்டில இருக்கிற சத்து உடம்பில சேராது. இரத்தத்தில சோதிச்சுப் பாக்கலாம். ஆனா நீங்கள் பாணை விட்டிட்டீங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாத்தான் சோதினையில பிடிபடும்."

"அப்ப திரும்பச் சாப்பிடோணுமோ?"

"ஓம். ஒண்டு ரெண்டு மாசத்துக்குச் சாப்பிட்டிட்டு வாங்கோ."

கணவருக்கு அது பிடிக்கவில்லை. "அதுதான் தெரிஞ்சிட்டுதே. பிறகென்னத்துக்கு?" என்றார். எனக்கோ என் உடம்பு வருத்தத்தின் பேர் தெரியவேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு காலையும் பாணைச் சம்பலில் தோய்த்து, மருந்து குடிப்பதுபோல விழுங்கினேன். நான் சாப்பிடும்போது அவர் எழும்பி வெளியே வளவுக்குள் போய்விடுவார்.

முல்லைத்தீவில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் வாய்க்குள்ளால் குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு துண்டொன்று எடுத்தார்கள். இரண்டிலும் டாக்குத்தர் சொன்ன அதே வருத்தம்தான்; அதன் பேரை அட்டையில் எழுதித் தந்தார்கள். இனிக் கோதுமை வாயில் படக்கூடாது என்றார்கள். நற்கருணை அப்பமும் கோதுமைதான் என்பது பிறகுதான் நினைவில் தட்டியது. பங்குத்தந்தையிடம் சொன்னேன். இப்போது எனக்கென்று தனிக் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் தருகிறார். வரிசையில் கடைசியாகத்தான் போவேன்.

மெல்ல மெல்ல உடம்பு தேறியது. இரத்தம் ஏறியது, கன்னத்தில் சதை பிடித்தது. ஒருநாள் இறங்குதுறையில் தெரிந்த அக்கா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"உடம்பு வைச்சிருக்கு பிள்ளை. ஏதும் விசேசமோ?"

நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கு மாதவிலக்கு அடியோடு நின்று, இனிப் பிள்ளை இல்லையென்று ஆனது அவருக்குத் தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அடுத்த கிளினிக்கில் டாக்குத்தரிடம் கேட்டேன்.

"இந்த வருத்தத்தாலதானோ என்ர பிள்ளையள் தங்கேல்லை? முன்னமே பிடிபட்டிருந்தா இருந்திருக்குங்களோ?"

அவா கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டா.

"அப்பிடியும் நடக்கிறது அம்மா. ஆனா உங்களுக்கு அதாலதானெண்டு இப்ப ஆராலையும் சொல்லேலாது."

பொய் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. அவா என் கையைப் பிடித்தபடி இருந்தா. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அதை ஏனப்பா கேட்டனீர்?"

"கேக்காம இருக்கேலாமப் போச்சு."

வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். களப்புப் பக்கம் திரும்பி, "மகள் இருந்திருந்தா இப்ப பள்ளிக்கூடப் படிப்பு முடிஞ்சிருக்கும்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவளை மகள் என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்துவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. இருவருமே எழும்பவில்லை.