மருந்துக்கடை அக்கா காலேஜ் தேடிய கதை

அந்தத் தெருவில் அவளுக்கு ‘மருந்துக்கடை அக்கா’ என்றுதான் பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது, போகப் போகப் பழகிவிட்டது. கல்யாணமான புதிதில், வீட்டில் சும்மா எதற்கு இருக்க வேண்டும் என்று சேர்ந்த வேலை. இப்போது மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எந்த மாத்திரை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பார்மசி படித்தவர் கடை முதலாளி ஒருவர்தான். அவர் சீட்டைப் பார்த்துத் தலையாட்டாமல் இவள் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது.

ஒருநாள் ஒரு பெரியவர் இரண்டு டாக்டர்கள் எழுதிய சீட்டுகளோடு வந்தார். இரண்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று இவளுக்குச் சந்தேகம் தட்டியது. முதலாளியிடம் மெல்லச் சொன்னாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “டாக்டருக்குத் தெரியாதா? குடுத்து அனுப்பும்மா” என்றார். கொடுத்து அனுப்பினாள். பெரியவர் அடுத்த மாதமும் குத்துக்கல் மாதிரி வந்து நின்றார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வரும்வரை இவள் நாள் தவறாமல் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் நினைத்தது சரியா தப்பா என்பதுகூடத் தெரியவில்லையே என்பதுதான் அவளை அதிகம் அரித்தது. படித்தே தீருவது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான். “மாடியில ரூம் கட்ட வெச்சிருக்கிற பணம் இருக்குல்ல, அத எடுத்துக்கோ. ரூம் எங்க ஓடிப்போகப் போகுது” என்று முடித்துவிட்டான். அந்தப் பணம் ஒருமுறை செலவழிந்தால் மறுபடி சேர எத்தனை காலம் ஆகுமோ தெரியாது. தப்பான இடத்தில் சேர்ந்துவிட்டு அப்புறம் கையைப் பிசைந்து பிரயோஜனம் இல்லை.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எந்த ஊர்ப் பேச்சு எடுத்தாலும் அதற்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்பதில்தான் வந்து நிற்பார். இவள் பார்த்து வைத்திருந்த இரண்டு காலேஜில் ஒன்று இதே ஊரில், பஸ் ஏறினால் நேரே வாசலில் இறக்கிவிடும். இன்னொன்று ரயிலில் பாதி நாள் தூரம், ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் மாமனார். “காலையில போனா சாயங்காலம் வீடு. புள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்கலாம். அந்த ஊருக்கு நேர் பஸ்கூடக் கிடையாது!”

அவளுக்கும் உள்ளூரில் படிக்கத்தான் ஆசை. மகளை விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட இருந்து பழக்கமில்லை.

உள்ளூர் காலேஜுக்குப் போனபோது வாசலிலேயே குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. சோபாவில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர், படித்து முடித்தவர்களுக்கெல்லாம் உடனே வேலை என்று மூச்சுவிடாமல் பேசினார். ஃபீஸைச் சொன்னபோது மட்டும் குரல் இறங்கிவிட்டது. மாடி அறையோடு கீழ் வீட்டையும் சேர்த்து விழுங்குகிற தொகை. “பசங்க எந்த ஆஸ்பத்திரியில வேலை பழகுவாங்க சார்?” என்று கேட்டாள். “நிறைய இடத்துல பேசி வெச்சிருக்கோம்” என்றார். ஒரு இடத்தின் பெயராவது சொல்லுங்கள் என்றதற்கு, இன்னொரு ஜூஸ் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த வாரம் கணவனோடு தூரத்துக் காலேஜ். ஃபீஸ் அதில் கால்வாசிதான். பெரிய பழைய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் காலேஜ் இருந்தது. சேர வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் உள்ளே நுழைந்ததுமே கணவன் அங்கிருந்த லிஃப்டைப் பார்த்துவிட்டான். இரும்புக் கம்பிக் கதவு போட்ட புராதன லிஃப்ட். “ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்” என்று போனவன் லிஃப்ட்காரரோடு ஐக்கியமாகிவிட்டான்.

ஆபீஸ் எங்கே என்று கேட்க அவள் ஆஸ்பத்திரி பார்மசி ஜன்னலுக்குப் போனாள். அங்கே நீளமான வரிசை. எல்லோரையும் முந்திக்கொண்டு போகச் சங்கடமாக இருந்தது. பக்கத்துக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள். உள்ளே இருந்த பருத்த அம்மா, அவர்தான் தலைமை மருந்தாளுநர், திரும்பிக்கூடப் பார்க்காமல், “இப்பத்தான் வர்றீங்களா? சீக்கிரம் வாங்க. நான் சொல்லச் சொல்ல எடுத்துக் குடுங்க” என்றார். அன்றைக்குத் தற்காலிகமாக வர வேண்டிய ஆள் என்று நினைத்துவிட்டார்.

‘நான் அது இல்லைங்க’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் அவள் கை தானாக நீண்டுவிடும், அத்தனை வருஷப் பழக்கம். கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு அடுக்குகளின் பக்கம் திரும்பினாள். ஐயோ, கடையில் கம்பெனி வாரியாக இருக்கும், இங்கே மருந்தின் பெயர் வாரியாக இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. இரண்டு முறை தப்பான பெட்டியை எடுத்தாள். அந்த அம்மா ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலுக்கு அனுப்பினார்.

ஜன்னலில் கடைசி வருஷ மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சீட்டை நீட்டிய ஒரு பெண்ணிடம், “குழந்தைக்குப் பால் குடுக்கிறீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் மருந்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். “டாக்டர், பார்மசியிலிருந்து பேசறேன்...” கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அவர் சொன்ன வேறு மருந்தைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். யாரும் அவளை அதட்டவில்லை. டாக்டரே நன்றி சொன்னது போனுக்கு வெளியிலும் கேட்டது. மருந்துக்கடை அக்கா கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தனக்கு வேண்டியது இதுதான் என்று அவளுக்குப் பட்டது. இவ்வளவு நாள் அதற்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாமல் ஏங்கியிருக்கிறாள்.

அதற்குள் கணவன் அலைந்து திரிந்து வரிசைக்கு வந்து, “என் வீட்டுக்காரியைக் காணோங்க, பச்சைப் புடவை...” என்று ஆரம்பித்தவன் உள்ளே பார்த்தான். “நீ அங்க என்னடீ பண்றே?”

விஷயம் தெரிந்ததும் தலைமை மருந்தாளுநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுற்றிக் காட்டுவது முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். அவள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்: “படிச்சு முடிக்கும்போது எனக்கு நாப்பது ஆயிடும் மேடம். அந்த வயசுல யாரு வேலை குடுப்பாங்க?”

“நான்தான் பேருகூடக் கேக்காம வேலைக்கு வெச்சுட்டேனே!” என்றவர், சிரிப்பு அடங்கியதும் பொறுமையாகச் சொன்னார். “உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆனா வருஷா வருஷம் இங்க படிச்சவங்கள்ல சில பேரை நாங்களே எடுக்கறோம். மத்தவங்களுக்கும் இங்க பழகினவங்கன்னா வெளியில மதிப்பு உண்டு.”

ரயிலில் திரும்பும்போது கணவன் அந்த லிஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். முடிவை அவளே எடுக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் பேசினான் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, “எனக்கு அங்கதான் படிக்கணும்” என்றாள். எனக்கு வேண்டும் என்று அந்த வீட்டில் அவள் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. மாமனார் எதையோ சொல்ல வந்தார், மகன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ அம்மாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ எப்ப வருவே?”

“மாசத்துல ரெண்டு தடவை. லீவு விட்டா முழுக்க இங்கதான்.”

“உனக்குப் பயமா இருக்கா?”

பொய் சொல்ல வரவில்லை. “ஆமாடி. ரொம்பப் பயமா இருக்கு.”

மகள் நகர்ந்து வந்து அவள் முழங்காலில் கை வைத்தாள். “நானும் முதல் நாள் ஸ்கூல்ல அழுதேன்ல? நீ கேட்டுக்கு வெளியவே நின்னுட்டிருந்தே. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். அப்புறம் ஒண்ணும் ஆகல. உனக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. நான் வேணா வந்து கேட்டுல நிக்கறேன்.”

அவள் மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மாமனார் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.