குளத்தின்மேல் எட்டு மாடி

நேற்று என் மாமா மகள் போனில் சொன்னாள்: "யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். குளத்துக் குடியிருப்புக்காரங்க மட்டும்தான் பூமி ஆடுச்சுன்னு கத்துறாங்களாம். மேட்டுத்தெருவுல ஒரு டம்ளர்கூட அசையலையாம். எல்லாம் புதுவீடு கேட்டுப் போடுற நாடகமாம்."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எட்டு மாடி எதன்மேல் நிற்கிறது என்று முதலில் பார்த்தவர் என் சித்தப்பா. கட்டடம் எழும்புமுன் மண்ணைச் சோதிக்கத் துளை போடுவது அவர் தொழில். குழாயின் தலையில் சம்மட்டியை விழவைத்து, அது இறங்க எத்தனை அடி விழுந்தது என்று உரக்க எண்ணுவார். வீட்டில் ஆணி அடித்தாலும் எண்ணுவார். சித்தி அவரை 'எண்ணிக்கை' என்றுதான் கூப்பிடுவாள்.

அது தூர்த்த குளம். ஓரத்தில் போட்ட முதல் துளையில் ஐம்பது விழுந்தும் குழாய் நகரவில்லை, அடியில் பாறை. நடுவில் போட்ட மூன்றில் எண்ண வேலையே இல்லை. குழாய் தன் கனத்திலேயே சேற்றுக்குள் போனது. எண்ணியதை அப்படியே அலுவலகத்தில் கொடுத்தார். அதற்கேற்ற ஆழத்தில் அஸ்திவாரம் போட்டிருப்பார்கள் என்று நம்பித்தான், தன் மகள், என் தங்கை, அங்கே வீடு வாங்கியபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் பூமி அதிர்ந்து, கீழ்த்தளத் தூணில் விரிசல் விட்டது. பழைய மண் அறிக்கையை எங்கோ தேடிப் பிடித்து எனக்குப் படமெடுத்து அனுப்பினார். அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

"நாலு துளைக்கும் ஐம்பதுன்னு போட்டிருக்கு சித்தப்பா."

"நாலுக்குமா? நல்லாப் பாருடா."

நான்குக்கும்தான், குளம் முழுக்க அடியில் பாறை என்பதுபோல. கீழே ஒரு பொறியாளரின் அழகான கையெழுத்து.

சித்தப்பா விரிசலின் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டித் தேதி எழுதினார். கிழிந்தால், விரிசல் இன்னும் விரிகிறது என்று அர்த்தம்.

"கிழிஞ்சா அன்னிக்கே கிளம்பிடறேம்ப்பா. அதுவரைக்கும் நச்சரிக்காதீங்க" என்றாள் மகள்.

"சரி. அதுவரைக்கும் நானும் இங்கதான்" என்று பெட்டியோடு வந்துவிட்டார்.

குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் கேட்டார்: "ஒரே பூமிதானே பெரியவரே? மேட்டுத்தெரு ஆடல, நாம மட்டும் எப்படி ஆடுவோம்?"

"பாறை வந்த ஆட்டத்தை வந்தபடி விட்டுடும் தம்பி. சேறு அதைப் பெருசாக்கி, மெதுவா, நீட்டி நீட்டி ஆட்டும். உயரமான கட்டடத்துக்கு அந்த வேகம் பொருந்திப் போயிடும். ஊஞ்சல் திரும்பி வர்ற நேரம் பாத்துத் தள்ளுற மாதிரி."

"மெல்லப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா வீடு விலை போகாது."

முந்தாநாள் தூணுக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். காகிதத்தைச் சுரண்டி, விரிசலைச் சிமெண்டால் அடைத்து, மேலே பளீரென்று வெள்ளை. சாயம் பூசினால் சேறு பாறையாகிவிடுமா? காகிதம் கிழிந்திருந்ததா என்பது சுரண்டிய கைக்குத்தான் தெரியும். மகளோ, "கிழிஞ்சதை யாரும் பாக்கலையேப்பா" என்கிறாளாம்.

"சாயத்து மேலயே வேற காகிதம் ஒட்டிட்டேன்" என்றார் இன்று காலை. "எத்தனை தடவை சுரண்டுறானுங்கன்னு எண்ணிக்கிட்டுதான் இருப்பேன்."

மதியம் செய்தியில் ஒரு வரி: மீண்டும் லேசான நில அதிர்வு, மேட்டுப் பகுதியில் உணரப்படவில்லை. லேசாம். எந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்கிறார்கள்?

தங்கை போனை எடுக்கவில்லை. சித்தப்பாவுக்குப் போட்டேன். மணி அடிக்கிறது. நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதினொன்று. பன்னிரண்டு.