ஃபார் த டைம் பீயிங்

மருத்துவமனையில் அப்பாவுடன் இருந்த தம்பி, அந்த ஞாயிறு காலை அனுப்பிய செய்தி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது: "டாக்டர் சொன்னாரு, அப்பா ஸ்டேபிள், ஃபார் த டைம் பீயிங்."

மலேசியாவின் ஜெராம் ஊரில் எங்கள் வீட்டில், அம்மா மருத்துவமனைக்குப் புறப்பட்டு நின்றிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"டைமுன்னா நேரந்தானய்யா? அப்பாவுக்கு நேரம் நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்றாரா?"

'இப்போதைக்கு' என்பதுதான் அதன் பொருள். ஆனால் அம்மா பல நாள் கழித்து அப்போதுதான் சிரித்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப சாயங்காலம் போவோம்லா. கஞ்சி காய்ச்சி எடுத்துக்கிறேன். ஆஸ்பத்திரி கஞ்சிய கழனித்தண்ணின்னு திட்டுவாரு மனுசன்."

அரிசி வெந்துகொண்டிருக்கும்போதே தம்பி அழைத்தான். அப்பா போய்விட்டார்.

ஆங்கிலத்தின் அந்தத் தொடரில் நேரம் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. சற்றுப் பொறு என்கிறது, அவ்வளவுதான். நமக்கோ நேரம் என்றாலே விதி. அது தெரிந்தும், அம்மாவின் சிரிப்பைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக அப்பாவைப் பார்க்கும் வாய்ப்பு அந்த இரக்கத்தில் போனது.

அப்பா கடைசியில் யாரையோ கூப்பிட்டதாகத் தம்பி சொல்கிறான். அது அம்மாவின் பெயர்தானா என்பது அவனுக்கே உறுதியில்லை. அப்போது அருகில் வேறு யாரும் இல்லாததால், இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.