நீ இழுக்காத காற்று

ஒலிபெருக்கியை அணைத்த கையோடு ராஜகுமாரி கைப்பேசியை வாயருகே கொண்டுபோவாள். "நிக்கோபார் ஜானேவாலே யாத்ரி, டிக்கெட்டைக் கையில வச்சுக்குங்க" என்று இந்தியும் தமிழும் கலந்து அந்தமானின் ஹேடோ துறைமுகக் கூட்டத்தை வரிசையில் நிறுத்திய அதே குரல், தாழ்ந்து, கவிதை சொல்லும். எழுதி வைப்பதில்லை. "பேனாவ எடுத்தா சொல்லு வெக்கப்படுது" என்பாள். சொன்னதைத் தீவுத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிப்பாள்.

கவிதையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். நாகலிங்கம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து சிறுவனாகக் கப்பலேறி வந்து, கட்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர். நுரையீரல் இறுகும் நோய் வந்தபின் மகளின் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். ஆக்ஸிஜன் மெஷினின் இரைச்சலுக்குள் ஆண்டுகள் ஓடின. இருமலைச் சொன்னாள், மெலிந்த விரல்களைச் சொன்னாள். ஒரு நாள், நடக்காததையும் சொல்லிவிட்டாள்:

"மூச்சு நின்றது. அறை பெரிதானது.
அப்பா, நீ இழுக்காத காற்றெல்லாம்
இனி எங்கே போகும்?"

குழுவே அழுதது. பக்கத்து வீட்டு வைஜெயந்தி அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்க, சுவருக்கு இந்தப்பக்கம் இருந்தவர் காதிலும் விழுந்துவிட்டது. வேலை முடிந்து வந்த மகளிடம் கேட்டார்: "நான் எப்போ புள்ள செத்தேன்?"

"அது... சும்மா கவிதைப்பா."

"முழுசா சொல்லு, கேப்பம்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். அவர் வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆளு நானில்ல. அவன் பேசாமக் கொள்ளாமப் போறான். நான் ஒன்கிட்ட சொல்லாமப் போவேனா?"

சொல்லாமல்தான் போனார். வெயில் பளிச்சென்று அடித்த ஒரு காலை. "இன்னைக்காச்சும் சீனி தூக்கலா போடு" என்றார். அவள் டீயோடு திரும்பியபோது மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. தொட்டாள், கை சூடாகத்தான் இருந்தது. அழைத்தாள். மறுபடியும் அழைத்தாள்.

"அப்பா நல்லாத்தானே இருந்தாரு?" ஓடி வந்த வைஜெயந்தியிடம் கேட்டாள். வாசலில் கூடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தச் சாவை எல்லோரும் எப்போதோ எதிர்பார்த்துவிட்டார்கள். அவளும்தான். அத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தவள். இருந்தும் யாரோ பின்மண்டையில் அடித்ததுபோல் நின்றாள். "இப்பத்தான் சீனி கேட்டாரு. இப்பத்தான்."

செய்தி பரவியது. வடக்கே ரங்கத் ஊரிலிருந்து யாரோ ஒருவர், சொன்னவளே அவள்தான் என்று அறியாமல், பல கை மாறி வந்த ஒலிப்பதிவு ஒன்றை அவளுக்கே ஆறுதலாக அனுப்பியிருந்தார்: 'கேளுங்க அக்கா, மனசு லேசாகும்.' அழுத்தினாள். அவளுடைய குரல்தான். கப்பல் புறப்படும் நேரத்தைச் சொல்வதுபோல், பிசிறில்லாமல், மூச்சு நின்றது என்றது.

வைஜெயந்தியைப் பார்த்தாள். "யாருக்கா இந்தப் பொம்பள? அப்பன் செத்தத இம்புட்டு நிதானமா சொல்லுது?"

வைஜெயந்தி கைப்பேசியை மெல்ல வாங்கி அணைத்தாள்.

அதற்குள் வைஜெயந்தியின் கணவர் ஜெகநாதனும் இன்னொருவரும் நாகலிங்கத்தைக் கட்டிலிலிருந்து இறக்கி, பாயில் மல்லாக்கக் கிடத்திக் கைகளை நெஞ்சின்மேல் சேர்த்துவைத்தார்கள். ராஜகுமாரி திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, இப்படிப் போடாதீங்க! மட்டமாப் படுத்தா அவருக்கு மூச்சு முட்டும்!"

யாரும் தடுக்குமுன் மண்டியிட்டு, தோள்களுக்கடியில் கைகொடுத்து அப்பாவைத் தூக்கி, முதுகுக்கு ஒரு தலையணையைச் செருகினாள். பிறகு இன்னொன்று.