அம்மா வாசிக்கச் சொன்ன இடம்

ஆரப்பாளையம் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைச் சிறுமி, வரியில் விரல் வைத்து பைபிளை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கோச்சடை வீடும் என் பத்து வயதும் நினைவுக்கு வந்தன.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சாயங்காலம் அடுப்பை அணைத்ததும் முந்தானையால் தலையை மூடி உட்காருவாள். நான் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். தங்கை எஸ்தர் அவள் மடியில் படுத்துக் கேட்பாள். எஸ்தருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் மூன்று வாரம் முழங்காலில் நின்று ஜெபித்தோம். இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து சில நாளில் வாசிப்பு மறுபடி தொடங்கியது. அன்றைய அதிகாரத்தில், இறந்த சிறுமியை இயேசு கையைப் பிடித்து எழுப்பும் இடம் வந்தது. நான் சத்தமில்லாமல் பக்கத்தைத் திருப்பினேன். அம்மாவுக்கோ அந்தக் கதை மனப்பாடம்.

"ஏன்டி தாண்டுற? அதையும் வாசி."

"வேணாம்மா."

"வாசிடி."

வாசித்தேன். அம்மா காலியான மடியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ளய மட்டும் ஏன் எழுப்பல, ஆண்டவரே?" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கும் அவர்கிட்ட கேப்பேன். நீ வாசி" என்றாள்.

அதுவரை சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துக்கொண்டிருந்த நான், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஜெபித்தேன், கோபத்தோடு. பதில் இன்னும் வரவில்லை. ஜெபத்தை நான் விடவுமில்லை.